செக் என்ஜின் விளக்கு எரிகிறதா? ஆக்சிஜன் சென்சாரை நீங்களே சோதிக்கலாம்

சங்கரன்கோவிலில் நான் வைத்திருப்பது 2013ன் இறுதியில் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்து வந்தது, மெல்ல மெல்ல 13க்கு இறங்கியது. பின்னர் ஒரு நாள் டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் பாட்டரி வயரைக் கழற்றி மாட்டினார்கள். விளக்கு அணைந்தது. நான்காம் நாள் ராஜபாளையம் போய்த் திரும்புகையில் மீண்டும் எரிந்தது. “கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டியிருக்கும்” என்றார்கள். அதன் விலையைக் கேட்ட பின்னர்தான், நாமே பார்த்துவிடலாம் என்ற எண்ணம் வந்தது.

பாட்டரி வயரைக் கழற்றுவது வைத்தியம் அல்ல. விளக்கோடு சேர்ந்து, காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பிழை எண்ணும் அழிந்துவிடும். நமக்குத் தேவையானதே அந்த எண் தான்.

இந்தியாவில் 2010 ஏப்ரலில் பி.எஸ். 4 கார்களுக்கு ஓ.பி.டி. என்னும் சுய சோதனை ஏற்பாடு கட்டாயமானது. 2013 ஏப்ரலில் அதன் இரண்டாம் நிலை வந்தது. எனவே உங்கள் கார் அதற்குப் பிந்தையது என்றால், ஸ்டியரிங்கிற்குக் கீழே 16 பின்கள் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் செருக இஎல்எம் 327 என்ற புளுடூத் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பதிப்பு 2.1 எனக் குறிப்பிட்ட மலிவான நகல்கள் பலவற்றில் சில கட்டளைகள் வேலை செய்வதில்லை, 1.5 எனக் கேட்டு வாங்கவும். ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண புளுடூத் அடாப்டரை வாங்கி ஏமாற வேண்டாம். அதற்கு வை-பி அல்லது புளுடூத் எல்.இ. வகை தேவை.

அடாப்டரைச் செருகி, சாவியை ஆன் செய்து, போனில் பேரிங் செய்திடவும். பாஸ்வேர்ட் பெரும்பாலும் 1234. ஓ.பி.டி. எனத் தேடினால் கிடைக்கும் இலவச ஆப் ஒன்றினை இன்ஸ்டால் செய்து, பிழை எண்ணைப் படிக்கச் சொல்லவும். எனக்கு வந்தது பி0133. முன் ஆக்சிஜன் சென்சார் மெதுவாக வேலை செய்கிறது என்று பொருள்.

உடனே கடைக்கு ஓடி விடாதீர்கள். எந்த அளவு சரியில்லை என்பதைத்தான் எண் சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்பதை அல்ல. கோவில்பட்டியில் இருக்கும் என் மைத்துனர் காரில் பி0171 வந்தது. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். அவர் புதுச் சென்சார் வாங்கி மாட்டியும் விளக்கு அணையவில்லை. ஆப்பில் ப்யூயல் டிரிம் என்ற அளவைப் பார்த்தேன். ஐடிலில் 20 சதவீதத்திற்கு மேல். ஆக்சிலேட்டரை மிதித்து 2500 சுற்றுக்குக் கொண்டு போனதும் 5க்கு இறங்கியது. ஐடிலில் மட்டும் இப்படி ஏறினால் எங்கோ காற்று உள்ளே கசிகிறது. வெடித்துப் போன ஒரு ரப்பர் வாக்குவம் ஹோஸ் தான் காரணம். பழைய சென்சார் உண்மையைத்தான் சொல்லிக் கொண்டிருந்தது!

சென்சார் எப்படி வேலை செய்கிறது? அதனுள் சிர்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது. 300 டிகிரிக்கு மேல் சூடானதும், வெளிக்காற்றில் உள்ள ஆக்சிஜனுக்கும் புகையில் உள்ள ஆக்சிஜனுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துச் சிறு பாட்டரி போல மின்சாரம் தரும். பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் பக்கம், காற்று அதிகமானால் 0.1 பக்கம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற இடத்தை ஒட்டி, கம்ப்யூட்டர் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருத்திக் கொண்டே இருக்கும். பாஷ் நிறுவனம் உருவாக்கிய இந்தச் சென்சார் 1976ல் வோல்வோ காரில் முதலில் வந்தது.

பத்து கிலோமீட்டர் ஓட்டி என்ஜினைச் சூடாக்கி, 2500 சுற்றில் வைத்து, ஆப்பில் முன் சென்சாரின் வோல்டேஜ் கிராப்பைத் திறக்கவும். வேறு எந்த அளவையும் சேர்த்துக் காட்டச் சொல்லக் கூடாது. மலிவான அடாப்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதால், பத்து அளவுகளைத் திறந்தால் நல்ல சென்சாரும் மந்தமாகத் தெரியும். நான் முதல் நாள் இதில்தான் ஏமாந்தேன். நல்ல சென்சார் பத்து விநாடிக்குள் பல முறை 0.2க்குக் கீழும் 0.7க்கு மேலும் போய் வரும். என்னுடையது இரண்டே முறை, அதுவும் சோம்பலாக. கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது சென்சார் அசையாமல் 0.6, 0.7ல் நின்றால் பயப்பட வேண்டாம். கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். என் காரில் அப்படித்தான் நின்றது. ஒர்க்‌ஷாப் சொன்ன பெரிய செலவு அந்த ஒரு கோட்டில் தப்பியது.

பி0135 வந்தால் விஷயம் வேறு. அது சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் சர்க்யூட். முதலில் ப்யூஸைப் பாருங்கள். பின்னர் கனெக்டரைக் கழற்றி, ஒரே நிறத்தில் உள்ள இரண்டு வயர்களுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம் பார்க்கவும். சில ஓம்கள் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் ஹீட்டர் போய்விட்டது.

மாற்றுவதற்கு 22 எம்.எம். ஸ்பேனர் போதும், வயர் போக வெட்டு விட்ட சாக்கெட் கிடைத்தால் நல்லது. முந்தின இரவே மரையில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்தேன். என்ஜின் இளஞ்சூட்டில் இருக்கையில் கழன்றது. புதியதன் முனையில் கையோ கிரீஸோ படக் கூடாது. பக்கத்தில் சிலிகான் பசையும் ஆகாது. அதன் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும். விலை குறைவு என்று கனெக்டர் இல்லாத சென்சாரை வாங்கி வயரை ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். பல சென்சார்கள் வெளிக்காற்றை வயருக்குள் உள்ள இடைவெளி வழியாகத்தான் எடுக்கின்றன; ஈயம் அதனை அடைத்துவிடும்.

புதிய சென்சாருக்குச் செலவு இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய் அளவில் ஆனது. ஆப்பில் பிழை எண்ணை அழித்து, அதே சாலையில் அதே சோதனையைச் செய்தேன். கிராப் ரம்பப் பல் போல ஏறி இறங்கியது. இரண்டு டேங்க் பெட்ரோலுக்குப் பின் கணக்குப் பார்த்தால் 16 கிலோமீட்டர். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றி வையுங்கள். சாவியை எடுத்த பின்னரும் அது பாட்டரியில் மின்சாரம் எடுத்துக் கொண்டே இருக்கும்.