நாய்க்குப் பேர், நமக்குப் பொறுப்பு

மும்பை செம்பூரில் மாலை நேரம். பிட்புல் நாயோடு ஒருவர் எதிரே வந்தால், பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சாலையின் மறுபக்கம் போய்விடுகிறோம். 2024 மார்ச் 12 அன்று பிட்புல் உள்ளிட்ட 23 நாய் இனங்களின் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடுக்கும்படி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்பதால் கர்நாடக, தில்லி உயர் நீதிமன்றங்கள் அடுத்த மாதமே அதை ரத்து செய்தன.

வளர்ப்பவரின் பொறுப்பு மட்டும் ரத்தாகவில்லை. மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி, வெளியே போகையில் உறுதியான கயிறு, வாய்ப்பூட்டு இவையெல்லாம் வேண்டும். குட்டியிலிருந்தே ஆட்களோடு பழக்க வேண்டும். பக்கத்து வீட்டாரின் பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். லிப்டில் அவர்கள் முதலில் போகட்டும். உங்கள் நாய்க்கு நல்ல பேர் வாங்கித் தருவது உங்கள் கையில்தான் இருக்கிறது.