மூலிகைக்கு வெயிலா, நிழலா?

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கொல்லையில் ஒரு மூலிகைத் தோட்டம் அமைத்தேன். மாமரத்தடியில் துளசியை நட்டேன். வெயில் காயும் மேற்குச் சுவரோரம் வல்லாரையைப் பதித்தேன். இரண்டிற்கும் தொழுவுரமே இட்டேன். நீரும் ஒரே அளவில் ஊற்றினேன். துளசி நெடுநெடுவென உயர்ந்து, அகன்ற இலைகளை விட்டது. ஆனால், கசக்கி முகர்ந்தால் மணம் இல்லை. வல்லாரையோ வெளிறி, ஓரம் கருகிற்று. குற்றம் எருவில் இல்லை. இடம் மாற்றி நட்ட என்னிடமே இருந்தது.

இதன் காரணம் யாது? நிழலில் நிற்கும் செடி, கிடைக்கும் சிறிது ஒளியையும் பற்றிக்கொள்ளும் பொருட்டு இலையை அகலமாகவும் மெல்லியதாகவும் விரிக்கிறது. வெயிலில் வளரும் இலை சிறுத்துத் தடிக்கிறது. துளசியின் மணம், இலைமீதுள்ள நுண்ணிய சுரப்பிகளில் ஊறும் எண்ணெயில் இருக்கிறது. நல்ல வெயிலில் அவ்வெண்ணெய் மிகும், நிழலில் குறையும். ஆகவே, இலை பெரிதாயின் மருந்தும் மிகுதி என்று கருதுவது பிழை. ஈரமும் நிழலும் பழகிய வல்லாரையின் நிலை வேறு. அதன் இலை பயன்கொள்ளும் அளவிற்கு மேல் விழும் ஒளி, பச்சையத்தையே சிதைத்துவிடும்.

எனவே, ஒரு மூலிகையின் பிறந்தகம் எது என்பதை முதலில் அறிதல் வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளின் மானாவாரி நிலங்களில் நிலவாகை சுடுவெயிலில் செழிக்கிறது. உலகச் சந்தையில் அது திருநெல்வேலியின் பெயராலேயே வழங்குகிறது. கொல்லிமலையில் பயிராகும் திப்பிலிக் கொடியோ இலேசான மரநிழலை நாடும்.

இவ்வறிவு வெறும் தோட்டக்கலை அன்று. சர்ப்பகந்தியின் வேரிலிருந்து 1952-இல் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வேருக்காகக் காட்டுச் செடிகளைத் தோண்டித் தோண்டி எடுத்தமையால் அவ்வினம் அருகிற்று; 1990 முதல் அதன் பன்னாட்டு வணிகம் உடன்படிக்கை ஒன்றின்வழி கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வேரைப் பறித்தால் செடி இல்லை. ஆதலின், காட்டை அழியாது காக்க வேண்டுமாயின், மூலிகையை நாமே பயிரிடக் கற்க வேண்டும்.

இரசாயன உரமின்றி வளர்க்க விரும்புவோர்க்கு ஒரு சொல். நிழற்பாத்தியில் எருவை அளவோடு இடுங்கள். மிகுந்தால் தளிர் மென்மையுற்று அசுவினிப் பூச்சியை அழைக்கும். வெயிற்பாத்தியில் சருகு மூடாக்கு இட்டு ஈரத்தைக் காத்திடுங்கள். நடுமுன் ஒரு நாள் முழுவதும் கொல்லையில் வெயில் எங்கே விழுகிறது, எப்போது விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வெயிலில் விளைந்த நிலவாகை இலையையும் உழவர் நிழலிலேயே உலர்த்துகின்றனர். பசுமை கெடாதிருக்க அதுவே வழி. என் துளசி இப்போது சுவரோரத்திலும், வல்லாரை மாமரத்தடியிலும் நலமே வளர்கின்றன.