உங்களுக்குத் தெரியுமா? பழைய ஃபிளக்ஸ் எளிதில் புதிதாவதில்லை

கல்யாண வாழ்த்தோ தலைவர் வரவேற்போ, ஃபிளக்ஸ் பேனர் என்பது பாலியெஸ்டர் வலைத்துணியின் மேல் பிவிசி பூசிய விரிப்பு. இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கிடப்பதால், தண்ணீர் பாட்டில்போல இதை மறுசுழற்சி செய்வது கடினம். இத்தகைய கலப்புக் கழிவிலிருந்து பிவிசியை மீட்பதற்கென்றே இத்தாலியின் ஃபெராராவில் இயங்கிய வைனிலூப் ஆலையும் 2018-இல் மூடப்பட்டது. கொளுத்தினாலோ ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும், டையாக்சினும் உருவாகும். ஆகவே அச்சன்புதூர் போன்ற வயல்சூழ் ஊர்களில் பழைய பேனர் வைக்கோல் படப்புக்கும் மாட்டுத் தொழுவுக்கும் மூடாக்காவதே இப்போதைக்கு உருப்படியான வழி. தார்ப்பாய்க் காசும் மிச்சம்.

அத்தோடு சிக்கல் தீர்ந்ததா என்றால், இல்லை. வெயிலில் பிவிசி விறைத்து வெடித்து, துணுக்குகளாக மண்ணில்தான் உதிரும். குப்பைமேட்டுக்குப் போகும் நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவே. தொழுவுக்கு ஒரு பேனர் போதும், விழாக்களோ ஓய்வதில்லை. ஃபிளக்ஸுக்கு மாற்றான துணி பேனருக்குச் செலவு கூடும் என்பார்கள், உண்மைதான். ஆனாலும் புளியரை எல்லையைத் தாண்டினால் வரும் கேரளம் 2019-இல் பிவிசி ஃபிளக்ஸுக்கே தடை போட்டது. அதே ஆண்டு ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடுத்த 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் கொடி உண்டு. ஃபிளக்ஸ் பேனர் இல்லை.