மூன்று பகடை, ஆறு பங்கு... 1937-ம் ஆண்டு 'ஸ்டாக் டிக்கர்' ஆடிப் பார்க்கலாமா?

ஷேர் மார்க்கெட் என்றதுமே மொபைல் திரையில் ஏறி இறங்கும் பச்சை, சிவப்புக் கோடுகள்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஏற்ற இறக்கத்தை 1937-லேயே ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடைத்து விற்றது, கனடாவின் காப் கிளார்க் பதிப்பகம். விளையாட்டின் பெயர் 'ஸ்டாக் டிக்கர்'. தந்தி வழியே வரும் பங்கு விலைகளைக் காகித நாடாவில் 'டிக் டிக்' என்று அச்சடித்துத் தள்ளும் இயந்திரத்துக்குத்தான் டிக்கர் என்று பெயர். 1929-ல் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து எட்டே வருடங்களில் வந்த விளையாட்டு இது.

பெட்டி கிடைக்கவில்லையே என்று கவலை வேண்டாம். மூன்று பகடை, ஒரு நோட்டு, பேனா இருந்தால் வீட்டிலேயே ஆடலாம்.

என்னென்ன பங்குகள்?

தங்கம், வெள்ளி, எண்ணெய், தானியம், பாண்டு, தொழில்துறை என மொத்தம் ஆறு. எல்லாமே 1 டாலரில்தான் தொடங்கும். ஒவ்வொருவர் கையிலும் 5,000 டாலர் விளையாட்டுப் பணம். பங்குகளை 500, 1,000, 2,000, 5,000 என்ற கட்டுகளாகத்தான் வாங்க முடியும். எத்தனை உருட்டலுக்கு ஒருமுறை வாங்கலாம், விற்கலாம் என்பதை முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பாதியில் சண்டை வராது.

பகடை என்ன சொல்லும்?

முதல் பகடை, எந்தப் பங்கு என்று சொல்லும். 1 தங்கம், 2 வெள்ளி என ஆறுக்கும் எண் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது பகடையில் 1, 2 விழுந்தால் விலை ஏறும். 3, 4 என்றால் இறங்கும். 5, 6 என்றால் டிவிடெண்ட்.

மூன்றாவது பகடை, எத்தனை சென்ட் என்று சொல்லும். 1, 2-க்கு 5 சென்ட். 3, 4-க்கு 10. 5, 6-க்கு 20.

உங்களிடம் 2,000 தங்கப் பங்குகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 'தங்கம், ஏற்றம், 20' விழுந்தால் விலை 1.20 டாலர். உங்கள் சொத்து 400 டாலர் கூடும். அடுத்து 'தங்கம், டிவிடெண்ட், 10' விழுந்தால் பங்குக்கு 10 சென்ட் வீதம் 200 டாலர் ரொக்கமாகக் கைக்கு வரும். ஆனால், பங்கின் விலை 1 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் மட்டுமே டிவிடெண்ட் கிடைக்கும்.

இரண்டு எல்லைகள்

விலை 2 டாலரைத் தொட்டால் கொண்டாட்டம்! கையில் உள்ள பங்குகள் இரட்டிப்பாகும். விலை மறுபடி 1 டாலருக்கு வரும். பூஜ்யத்தைத் தொட்டாலோ, அந்தப் பங்கை வைத்திருப்பவர்கள் அத்தனையையும் இழப்பார்கள். பங்கு மட்டும் 1 டாலரில் புதிதாகத் தொடங்கும். பேசிவைத்த நேரம் முடிந்ததும் எல்லோரும் பங்குகளை அன்றைய விலைக்கு விற்று, யாரிடம் அதிகப் பணம் என்று பார்க்க வேண்டியதுதான்.

ஜெயிக்க என்ன வழி?

"தங்கம் நாலு தடவை ஏறிடுச்சு, இன்னும் ஏறும்" என்று யாராவது அடித்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள். முந்தைய உருட்டல் பகடைக்கு ஞாபகம் இருக்காது. ஏறவும் இறங்கவும் எப்போதும் சம வாய்ப்புதான். 1 டாலர் பங்கு இரட்டிப்பாகவும் பூஜ்யமாகவும் அதே சம வாய்ப்பு.

ஆடுபவர்களுக்குச் சாதகமான ஒரே விஷயம் டிவிடெண்ட். 1 டாலர் பங்குக்கும் 1.80 டாலர் பங்குக்கும் அதே 20 சென்ட்தான் வரும். அதனால் 1 டாலரை ஒட்டி வாங்குபவருக்கு, போட்ட பணத்துக்குக் கூடுதல் பலன். 1 டாலருக்குக் கீழே உள்ள பங்கு மலிவாகத் தெரியும். ஆனால் மேலே ஏறி வரும்வரை டிவிடெண்ட் கிடையாது.

விலையை நாம் தீர்மானிக்க முடியாது. எதில் எவ்வளவு போடுவது, கையில் எவ்வளவு வைத்துக்கொள்வது என்பது மட்டும்தான் நம் முடிவு. 5,000 டாலரையும் தானியத்தில் கொட்டியவர், அது பூஜ்யமானால் அப்போதே வெளியே உட்கார வேண்டியதுதான். மூன்று பங்குகளில் பிரித்துப் போட்டு, கொஞ்சம் ரொக்கமும் வைத்திருப்பவர் அடுத்த சுற்றிலும் ஆடுவார்.

நிஜச் சந்தை வெறும் பகடை அல்ல. அங்கே கம்பெனியின் லாபம், கடன், நிர்வாகம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் அகலக்கால் வைத்தால் என்ன ஆகும் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதைப் பிள்ளைகள் விளையாட்டுப் பணத்தில் தெரிந்துகொண்டால் செலவு மிச்சம். ஆட்டம் முடிந்ததும் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஜெயிச்சவங்க கணிச்சு ஜெயிச்சாங்களா, பகடை விழுந்து ஜெயிச்சாங்களா?"