இயங்குதளத்தை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுதல்

கணினியின் வன்தட்டில் நிறுவப்பட்டுள்ள இயங்குதளத்தை, அதிலுள்ள மென்பொருள்கள், அமைப்புகள், கோப்புகள் அனைத்துடனும் திண்மநிலை இயக்ககம் ஒன்றுக்குக் கொண்டுசெல்லும் முறை இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது. திண்மநிலை இயக்ககத்தைக் கடைகளில் எஸ்.எஸ்.டி. என்றே கேட்டு வாங்குகிறோம். இங்கும் அப்பெயரே பயன்படுத்தப்படுகிறது. பழைய கணினி ஒன்று இயங்கத் தொடங்க மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டால், குறை பெரும்பாலும் செயலியில் இல்லை, வன்தட்டில்தான் இருக்கிறது. புதுக் கணினி வாங்க இயலாத மாணவருக்கு இந்த மாற்றம் நல்ல வழி. ஆனால் இதைச் செய்யும்போது நேரும் ஒரு சிறு தவறு, பல ஆண்டுச் சேமிப்பைச் சில நிமிடங்களில் அழித்துவிடும். ஆகவே வேகத்தைவிட அத்தவறுகளைப் பற்றியே இங்கு அதிகம் சொல்லப்படுகிறது.

வன்தட்டு ஏன் மெதுவானது?

வன்தட்டினுள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் மேல் ஒரு கை நகர்ந்து தரவைப் படிக்கிறது. மடிக்கணினிகளில் பரவலாக உள்ள வன்தட்டு நிமிடத்துக்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிநொடி. வேண்டிய இடம் கைக்குக் கீழே வரும்வரை சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும். கை நகர்வதற்கு மேலும் 10 மில்லிநொடி அளவு ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்தால், தட்டின் வெவ்வேறு இடங்களில் கிடக்கும் தரவை நொடிக்கு 65 முறை அளவில்தான் தேடிப் படிக்க முடியும். கணினி தொடங்கும்போது இயங்குதளம் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைப் படிக்கிறது.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் நகர்வதும் எதுவுமில்லை. தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. எந்த இடத்திலுள்ள தரவையும் 0.1 மில்லிநொடி அளவில் எடுத்துவிடலாம். விளம்பரங்களில் நொடிக்கு 550 மெகாபைட், 3500 மெகாபைட் என்று பெரிய எண்களைக் காட்டுவார்கள். அவை பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம். அன்றாடப் பயன்பாட்டில் நாம் உணரும் வேறுபாடு, சிறு துண்டுகளுக்காகக் காத்திருக்கும் நேரம் ஒழிவதால் வருவது. ஆகவே பழைய கணினிக்கு விலை குறைந்த சாட்டா வகையே போதும் என்பது என் கருத்து.

வாங்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. பார்ப்பதற்கு ஒன்றுபோலிருக்கும் இரு எம்.2 அட்டைகளில் ஒன்று சாட்டா வகையாகவும் மற்றது என்.வி.எம்.இ. வகையாகவும் இருக்கலாம். உங்கள் கணினியின் பொருத்துமிடம் எந்த வகையை ஏற்கும் என்று கையேட்டில் பாருங்கள். மிகப் பழைய கணினிகள் என்.வி.எம்.இ. அட்டையிலிருந்து தொடங்கவே மாட்டா.

நகலெடுத்து ஒட்டினால் போதாது

சி டிரைவிலுள்ள அனைத்தையும் தெரிவுசெய்து புதிய இயக்ககத்தில் ஒட்டிவிட்டு, ‘கணினி ஏன் தொடங்கவில்லை?’ என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் இயங்குதளம் சி டிரைவில் மட்டும் இல்லை. இக்காலக் கணினிகளின் வன்தட்டில், கண்ணுக்குத் தெரியாத சிறு பிரிவு ஒன்று உண்டு. பெரும்பாலும் 100 மெகாபைட் அளவினது. இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல் அதில்தான் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் கணினியின் தாய்ப்பலகை முதலில் தேடுவது அப்பிரிவைத்தான். அதைவிடப் பழைய முறையில், தட்டின் முதல் பகுதியிலேயே தொடக்க நிரல் எழுதப்பட்டிருக்கும். இவற்றில் எதுவும் சாதாரண நகலெடுப்பில் வராது. மேலும், விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போது பல கோப்புகளைப் பூட்டி வைத்திருக்கும்.

ஆகவே தட்டை முழுவதுமாக, பிரிவுகளோடு படியெடுக்க வேண்டும். இதையே குளோனிங் என்கிறோம். இதற்குக் கட்டற்ற மென்பொருளான குளோன்சில்லா நன்றாகப் பயன்படும். இதன் இயல்பான அமைப்பில் புதிய இயக்ககம் பழையதன் அளவோ அதைவிடப் பெரியதோ ஆக இருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. நிறுவனங்கள் சில தரும் மென்பொருள்கள், தரவு அடங்குமானால் சிறிய இயக்ககத்துக்கும் படியெடுக்கும். எப்படியாயினும் ஐந்தில் ஒரு பங்கு இடம் காலியாக இருப்பது நல்லது.

மாற்றுதல் என்ற சொல்லே சிறிது குழப்பம் தருகிறது. ஆசிரியருக்கு இடமாறுதல் ஆணை வந்தால் பழைய பள்ளியில் அவர் இடம் காலியாகும். இங்கே அப்படியில்லை. படியெடுத்த பின்னும் பழைய வன்தட்டில் அனைத்தும் அப்படியே இருக்கும். அழிவது, இலக்காகத் தெரிவுசெய்த தட்டில் முன்பு இருந்தவை மட்டுமே.

நான் இழந்தது அங்கேதான். என் வன்தட்டும் புதிய எஸ்.எஸ்.டி.யும் ஒரே 500 ஜி.பி. அளவு. மென்பொருள் இரண்டையும் வெறும் எண்களாகக் காட்டியது. மூலம் எது, இலக்கு எது என்பதை மாற்றித் தெரிவுசெய்துவிட்டேன். ‘இலக்கிலுள்ள அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா?’ என்று இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் சம்மதம் என்றேன். காலியான தட்டு, நிறைந்த தட்டின் மேல் படியெடுக்கப்பட்டது. பதினோரு ஆண்டு வினாத்தாள்களும் ஆண்டுவிழா ஒளிப்படங்களும் போயின. ஒளிப்படங்களில் ஒரு பகுதி மட்டும் ஒரு பென் டிரைவில் கிடைத்தது. தேர்வறையில் ‘வினாவை இருமுறை படியுங்கள்’ என்று சொல்லியே முப்பது ஆண்டு கழித்தவன் நான்.

எனவே முக்கியமான கோப்புகளை இவ்விரு தட்டுகளும் அல்லாத மூன்றாவது ஒன்றில் முதலில் காப்பு நகல் எடுங்கள். பிறகு, புதிய எஸ்.எஸ்.டி.யை இணைக்கும் முன்பே பழைய வன்தட்டின் மாதிரி எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அளவை மட்டும் நம்ப வேண்டாம். பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, குறியாக்கத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அந்த எண் இல்லாமற்போனால் சொந்தக் கோப்புகளே திறக்காமல் போகக்கூடும். வன்தட்டிலிருந்து டக் டக் என்று ஓசை வந்தால் குளோனிங்கைத் தொடங்காதீர்கள். முதலில் தேவையான கோப்புகளை மட்டும் வெளியே எடுங்கள்.

நேரக் கணக்கும் தேவை. யூ.எஸ்.பி. 2.0 வழியாக 200 ஜி.பி. தரவைப் படியெடுக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், 3.0 வழியாக அரைமணி அளவு. இடையில் மின்சாரம் போனால் மூலத் தட்டுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் முறை இயக்கும்போது

படியெடுத்து முடிந்ததும் கணினியை நிறுத்தி, பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி.யை மட்டும் வைத்து இயக்குங்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணைக் கொண்டிருப்பதால் சேர்ந்திருந்தால் குழப்பம் நேரும். விண்டோஸ் ஒன்றை முடக்கி வைக்கலாம். லினக்ஸிலோ எந்தத் தட்டிலிருந்து தொடங்கியது என்றே தெரியாமல், பழையதில் வேலை செய்துகொண்டிருப்போம். எஸ்.எஸ்.டி. தனியாகத் தொடங்கினால்தான் வேலை வெற்றி. தொடங்காவிட்டால் பயாஸ் அமைப்பில் தொடக்க வரிசையைச் சரிபாருங்கள். சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறியவர்களுக்கு நீலத்திரை வந்தால், பாதுகாப்பு முறையில் ஒருமுறை தொடங்கிப் பார்ப்பது பல வேளைகளில் பலன் தருகிறது.

குளோனிங் பழையதை அப்படியே கொண்டுவரும். நச்சுநிரல் இருந்தால் அதுவும் கூடவே வரும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதில் இருப்பவர்கள், படியெடுப்பதைவிடப் புதிய இயங்குதளத்தையே எஸ்.எஸ்.டி.யில் நேரடியாக நிறுவலாமா என்று யோசிப்பது நல்லது. விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினிக்கு லினக்ஸ் இருக்கிறது.

எஸ்.எஸ்.டி.க்கு டிஃப்ராக் தேவையில்லை. விண்டோஸ் தானாகவே டிரிம் என்னும் கட்டளையால் பராமரித்துக்கொள்ளும். பழுதாகும் வன்தட்டு பல வேளைகளில் ஓசையால் எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் அப்படி எச்சரிப்பதில்லை, நேற்று இயங்கியது இன்று இயங்காமல் போகலாம். கழற்றிய வன்தட்டை உடனே அழித்துவிடாமல் ஒரு மாதமாவது தனியே வையுங்கள். அதன் பின் உறையில் போட்டுக் காப்பு நகலுக்குப் பயன்படுத்தலாம்.