நீச்சல் குளத்துக்குப் போகும் சரக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலை பங்களாக்களிலும் பெரிய ஊர்களை ஒட்டிய பண்ணை வீடுகளிலும் சொந்தமாக நீச்சல் குளம் வைத்திருப்போர் உண்டு. குளம் கட்டித் தந்தவர் வேலையை முடித்துப் போய்விடுவார். அதன்பின் பிளீச்சிங் பவுடர், ஆசிட், சலவைச் சோடா என்று கேட்டு அவர்கள் வந்து நிற்பது நம் கடைகளில்தான். எடுத்துக் கொடுத்துக் காசு வாங்குவதோடு விட்டுவிடக் கூடிய சரக்கு அல்ல இது.

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் குளத்தை மூடி விடுவார்கள். நம் பக்கம் தண்ணீர் உறைவதில்லை. எனவே 12 மாதமும் மோட்டார் ஓட வேண்டும், மணல் வடிகட்டியை அவ்வப்போது எதிர்த் திசையில் நீர் விட்டுக் கழுவ வேண்டும், மருந்து போட வேண்டும். கோடையில் வெயிலே குளோரினைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். ஆகவே மாலையில் போடுவதுதான் சிக்கனம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடைமழையில் குளத்துக்குப் போகிறவர் இல்லை என்று மோட்டாரை நிறுத்திவிடுகிறார்கள். பாசி பிடித்து, கொசுப்புழு வைத்த பிறகு மூட்டைக் கணக்கில் மருந்து கேட்டு ஓடி வருவார்கள்.

அளவு கேட்டால் நாம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 26 அடி நீளம், 13 அடி அகலம், சராசரி 5 அடி ஆழமுள்ள குளம் சுமார் 48,000 லிட்டர் பிடிக்கும். அதில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் ஏற 48 கிராம் குளோரின் தேவை. 30 சதவீத பிளீச்சிங் பவுடரானால் 160 கிராம். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் சுமார் 74 கிராம். பவுடரின் விலையை மட்டும் பார்த்து வாங்குபவருக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் புரிந்து கொள்வார்.

இவ்விரண்டும் தண்ணீரின் காரத்தன்மையைக் கூட்டும். பிஎச் அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். 8-ஐத் தாண்டினால் போட்ட குளோரினில் பெரும்பகுதி வீண். அதைக் குறைக்கத்தான் ஆசிட். ஆக, ஒரே வாடிக்கையாளர் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே நேரத்தில் வாங்குகிறார். ஆபத்து இங்கேதான். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றை விடக் கனமானது, தரையோடு தங்கி மூச்சை அடைக்கும். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கவே கூடாது. வண்டியிலும் தனித்தனியாக வைக்கச் சொல்லுங்கள். தண்ணீரில்தான் பவுடரைப் போட வேண்டும், பவுடர் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. மாத்திரையாகவும் தூளாகவும் வரும் டிரைகுளோர் வேறு, கால்சியம் ஹைப்போகுளோரைட் வேறு. இரண்டும் வெள்ளை, இரண்டிலும் ஒரே வாடை. ஆனால் ஒன்றோடொன்று சேர்ந்து ஈரமும் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே கரண்டியைப் பயன்படுத்தாதீர்கள். சிந்தியதைக் கூட்டி டப்பாவில் திரும்பப் போடாதீர்கள்.

இருப்பு வைக்கும் இடம் நிழலாக, ஈரமின்றி, காற்றோட்டமாக இருக்கட்டும். எண்ணெய், மண்ணெண்ணெய், சர்க்கரை, சாக்கு, காகிதம் இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். வெப்பத்தில் பிளீச்சிங் பவுடரின் வீரியம் இறங்கிக்கொண்டே போகும். மொத்தமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி இருப்பிலேயே கரைந்துவிடும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கொள்முதல் செய்வதே மேல். தராசும் ஷட்டரும் திடீரென்று துருப்பிடிக்கத் தொடங்கினால் எங்கோ ஒரு மூட்டை கசிகிறது என்று கொள்ளலாம். தீப்பிடித்தால் தூள் வகைத் தீயணைப்பானை எடுக்காதீர்கள். ஆட்களை வெளியேற்றித் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, என்ன சரக்கு என்பதையும் தெரிவியுங்கள்.

ஆசிட் விற்பனைக்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடுகள் குளத்துக்கு வாங்குபவருக்கும் பொருந்தும். வாங்குபவர் புகைப்பட அடையாளச் சான்று காட்டி, எதற்கு என்று சொல்ல வேண்டும். பெயர், முகவரி, அளவு பதிவேட்டில் ஏற வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. இருப்புக் கணக்கை உட்கோட்ட நடுவரிடம் தெரிவிக்க வேண்டும். தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். தெரிந்த வீட்டு டிரைவர்தானே என்று பதியாமல் கொடுப்பது நம்மிடையே நடக்கிறது. டிரைவர் பெயரில் ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும்.