சிறு விமானத்தின் இரைச்சல்

விமானத்தின் இரைச்சல் என்றதும் பெரிய ஜெட் விமானங்களே பலருக்கும் நினைவிற்கு வருகின்றன. நான் எடுத்துக்கொள்வது இருவரோ நால்வரோ ஏறிச் செல்லும் சிறு விமானத்தை. விமானம் ஓட்டப் பயிலும் மாணவர்கள் முதலில் ஏறுவது இதில்தான். இதன் விமானி அறையில் ஒலி 90 டெசிபெல்லை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது வழக்கம். நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஒலியில் இருப்பவரின் செவிப்புலன் காலப்போக்கில் கெடக்கூடும்; அவ்வாறு இழந்த செவிப்புலன் மீள்வதில்லை.

இவ்விரைச்சல் எங்கிருந்து எழுகிறது? எஞ்சினிலிருந்து என்று உடனே விடை கூறுவோம். அது பாதி உண்மையே. முன்னே சுழலும் விசிறிக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. 1.9 மீட்டர் குறுக்களவுள்ள விசிறி நிமிடத்திற்கு 2,700 முறை சுழன்றால், அதன் நுனி விநாடிக்கு ஏறத்தாழ 270 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது. ஒலியின் வேகமோ 340 மீட்டர்தான். நுனி அந்த வேகத்தை நெருங்க நெருங்க இரைச்சல் மளமளவென்று ஏறுகிறது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 2,400 முறை சுழல்கிறது என்போம். புகைவாயு விநாடிக்கு 80 தடவை வெடித்து வெளியேறும். அதே தண்டில் மாட்டிய இரண்டு அலகு விசிறியும் விநாடிக்கு 80 தடவை காற்றை அறையும். இரண்டும் ஒரே சுருதி! ஆகவே எது எஞ்சின், எது விசிறி என்று காது பிரித்தறிவது அரிது. இரண்டும் சம வலிமையுடையவை என்று கொண்டால், ஒன்றை அறவே அடக்கினாலும் தோராயமாக மூன்று டெசிபெல்தான் குறையும். சைலன்சரை மட்டும் மாட்டிவிட்டு அமைதியை எதிர்பார்ப்பவர் ஏமாறுவது இதனால்தான்.

அந்தச் சைலன்சரும் எளிய பொருளன்று. நன்கு வேலை செய்ய அது பெரிதாக இருக்கவேண்டும், பெரிதானால் கனக்கும், வாயுவின் வழியை நெருக்கினால் எஞ்சினின் வலிமை குன்றும். பல சிறு விமானங்களில் சைலன்சரைச் சுற்றி ஓர் உறையமைத்து, அதில் சூடேறும் காற்றைக் குளிர் போக்க அறைக்குள் விடுகிறார்கள். சைலன்சரில் விரிசல் கண்டால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு அந்தக் காற்றோடு கலந்து உள்ளே புகுந்துவிடும். விமானியை மயக்கி உயிரைக் குடிக்கும் நஞ்சு அது. ஆகவே இப்பகுதியைப் பழுது பார்ப்போர் கூர்ந்து சோதிக்கிறார்கள்.

விசிறியை மெதுவாகச் சுழற்றலாமே என்றால், அதே இழுவிசை கிடைக்க அலகுகள் நீளவேண்டும், அல்லது எண்ணிக்கையில் பெருகவேண்டும். எஞ்சினோ வேகமாகச் சுழன்றால்தான் வலிமை தரும். இடையே பற்சக்கரமோ பட்டையோ தேவை. அதுவும் கனமே.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்டு செய்த விமானம் ஒன்று உண்டு. வியட்நாம் போரில் இரவில் ஓசையின்றி உளவு பார்க்க அமெரிக்க இராணுவம் 1970-71 ஆண்டுகளில் பயன்படுத்திய லாக்ஹீட் ஒய்.ஓ.-3ஏ என்பது அது. கிளைடர் ஒன்றின் உடலையும் நீண்ட இறக்கைகளையும் அடிப்படையாகக் கொண்டமையால், பறக்க அதற்குச் சிறிதளவு வலிமையே போதும். குறைந்த வலிமை, குறைந்த ஓசை. மற்ற உத்திகள் எல்லாம் இதற்கு அடுத்தவையே என்பது என் கருத்து. பட்டையால் மெல்லச் சுழலும் மர விசிறியும், உடலின் பக்கவாட்டில் ஓடிய நீண்ட சைலன்சரும் எஞ்சியதைச் செய்தன. பிற்காலத்தில் நாசா நிறுவனம் இதில் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, ஹெலிகாப்டர்களின் இரைச்சலை வானிலேயே அளக்கப் பயன்படுத்தியது. போருக்கென்று பிறந்த பொருளுக்கு நல்ல பிழைப்புதான்!

இரைச்சலைப் பிறந்த இடத்தில் அடக்க இயலாவிட்டால் காதருகே அடக்கலாம். ஓர் ஒலியலையின் மேட்டில் மற்றோர் அலையின் பள்ளத்தைப் பொருத்தினால் இரண்டும் அழியும் என்னும் கருத்துக்கு பால் லூக் என்பவர் 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எங்கும் இறங்காமல், இடையில் எரிபொருளும் நிரப்பாமல் 1986இல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தில், டிக் ருட்டனும் ஜீனா யேகரும் இந்த முறையில் அமைந்த காதுக் கவசங்களை அணிந்திருந்தனர். அவர்கள் பறந்தது ஒன்பது நாட்கள். விமானத்தின் கூச்சல் குறையவில்லை. அவர்கள் காதில் விழுந்தது குறைந்தது.

2020இல் பிப்பிஸ்ட்ரெல் வெலிஸ் எலெக்ட்ரோ என்னும் மின்சார விமானத்திற்கு ஐரோப்பிய அதிகாரிகள் சான்றிதழ் வழங்கினார்கள். அதில் வெடிக்கும் சிலிண்டரும் இல்லை, புகைக்குழாயும் இல்லை. விசிறியின் ஓசை மட்டும் தனியே கேட்கிறது.